நம்பத்தகும் கைவிளக்கு எது?

இரவில் கையில் ஏந்திச் செல்லும் விளக்குக்குத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. கொள்ளி, பந்தம், தீவட்டி, சுளுந்து என்பன பலரும் அறிந்தவை. ‘ஞெகிழி’ என்பதும் எரிகொள்ளியைக் குறித்த பழஞ்சொல்லே. அச்சொல்லை இன்று பிளாஸ்டிக்குக்கு வழங்கக் காண்கிறோம். இக்காலத்து மலிவு விளக்குகள் பலவும் பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதால், சொல் ஊர் சுற்றிவிட்டுத் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்தது என்று வேடிக்கையாகக் கூறலாம். மலேசிய, சிங்கைத் தமிழர் நாவில் நிலைபெற்றிருப்பது ‘டார்ச்சு லைட்டு’. டார்ச்சு என்பதற்கும் ஆங்கிலத்தில் முதற்பொருள் பந்தம்தான்.

அமெரிக்கர் வைத்த பெயர் வேறு. அவர்கள் அதனைப் ‘பளிச்சிடும் விளக்கு’ என்னும் பொருள்படப் ‘பிளாஷ் லைட்டு’ என்றனர். டேவிட் மிசெல் என்பவர் வடிவமைத்த குழல் வடிவ மின்விளக்குக்கு 1899 ஜனவரி 10ஆம் நாள் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அந்நாளைய உலர்மின்கலம் வலுவற்றது. விளக்கின் உள்ளிழையோ மின்சாரத்தை விழுங்கும் கரியிழை. ஆகவே விளக்கு நெடுநேரம் எரியாது. விசையை அழுத்தினால் சற்றே பளிச்சிடும், பிறகு அதற்கு ஓய்வு தரவேண்டும். அக்குறையே பெயராயிற்று. பின்னர் டங்ஸ்டன் இழை வந்தது. 1990-களில் நீலநிற ஒளியுமிழ் டயோடு, அதாவது எல்.இ.டி., கைகூடியபின் வெண்ணிற எல்.இ.டி. பிறந்தது. நீல எல்.இ.டி.யை ஆக்கிய ஜப்பானிய அறிவியலார் அகாசாகி, அமானோ ஆகியோருக்கும் ஜப்பானில் பிறந்த நாகமுராவுக்கும் 2014இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு வளர்ச்சிக்குப் பின்னும், ‘பளிச்சிட்டு ஓயும்’ விளக்குகள் கடைகளில் நிறையவே தொங்குகின்றன. அவற்றை இனங்கண்டு விலக்குவது எப்படி என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கைப்பேசியிலேயே விளக்கு இருக்கும்போது தனிவிளக்கு எதற்கு என்று கேட்பார் உளர். கேள்வி நியாயமானதே. வாசற் பூட்டைத் திறக்கக் கைப்பேசி போதும். ஆனால், 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் நின்றதை நினைவில் கொண்டோர் இன்றும் பலர் உளர். 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது சிலாங்கூரில் மேல்மாடியிலும் கூரைமேலும் இரவைக் கழித்தோர் பலர். அத்தகைய வேளையில் உதவி கேட்பதற்கு உள்ள ஒரே கருவி கைப்பேசி. அதன் மின்சாரத்தை விளக்காக எரித்துத் தீர்ப்பது குடிக்கும் நீரில் கால் கழுவுவது போன்றது. மேலும் கைப்பேசி விளக்கின் ஒளி குவிந்து செல்வதில்லை; நனைந்த விரலுக்கு அதன் திரை இணங்குவதில்லை; கீழே விழுந்தால் விளக்கும் போயிற்று, பேச்சும் போயிற்று.

விளக்கு வாங்கச் செல்வோர் முதலில் பார்ப்பது அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்ட லூமென் எண்ணை. லூமென் என்பது விளக்கிலிருந்து வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு. கேண்டெலா என்பது அவ்வொளி ஒரு திசையில் எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பதன் அளவு. குழாயிலிருந்து வரும் மொத்த நீரை லூமென் எனக் கொண்டால், குழாயின் வாயைப் பெருவிரலால் அடைக்கும்போது தண்ணீர் பீறிட்டுப் பாய்கிறதே, அந்த வேகம்தான் கேண்டெலா. நீரின் அளவு கூடவில்லை, பாய்ச்சல் கூடியது. அறைக்குள் நடமாட லூமென் உதவும். நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளத்தைத் தொலைவிலேயே காணக் கேண்டெலா வேண்டும். சட்டைப்பை விளக்குக்கு அகன்று பரவும் ஒளியே ஏற்றது. அருகில் உள்ளதைப் பார்க்கத்தான் அது நாள்தோறும் பயன்படுகிறது.

2009இல் அமெரிக்காவில் எஃப்.எல்.1 என்னும் தரநெறி வெளியிடப்பட்டது. ஒளியளவு, எரியும் நேரம், ஒளி எட்டும் தொலைவு, விழுந்தால் தாங்குமா, நீர் புகுமா என்பவற்றை ஒரே முறையில் அளக்க அது வழிசெய்தது. இம்முறைப்படி அளந்த எண்களை அட்டையில் காட்டும் விளக்கையே நாடுவது நன்று. ஆயினும் அந்த எண்களையும் அறிந்து படிக்கவேண்டும். ஒளியளவை விளக்கு ஏற்றிய 30 நொடிக்கும் 2 நிமிடத்துக்கும் இடையில் எடுக்கிறார்கள். எரியும் நேரம் என்பதோ ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரம். ‘1,000 லூமென், 3 மணி நேரம்’ என்று ஒரு விளக்கில் எழுதியிருந்தால், மூன்று மணி நேரமும் ஆயிரம் லூமென் கிடைக்கும் என்று நம்பலாகாது. மூன்றாம் நிமிடத்தில் அது 250-க்கு இறங்கி, அப்படியே நின்று, பிறகு 100-ஐத் தொட்டாலும் அட்டையில் எழுதியது பொய்யாகாது. ஒளி எட்டும் தொலைவும் அப்படித்தான். வெளிச்சம் கால் லக்ஸாக, அதாவது முழுநிலா வெளிச்சமாக, மெலியும் இடம்வரை அளந்து சொல்கிறார்கள். முழுநிலவில் ஆள் நிற்பது தெரியும். ஆள் யாரென்று தெரியாது. அட்டையில் 100 மீட்டர் என்றிருந்தால் பாதிக்கும் குறைவாகக் கொள்வதே அறிவுடைமை.

இறங்குவதற்குக் காரணம் வெப்பம். எல்.இ.டி. தான் உண்ணும் மின்சாரம் முழுவதையும் ஒளியாக்குவதில்லை. பெரும்பகுதி சூடாக மாறும். விரல் பருமனுள்ள விளக்கு அச்சூட்டை வெளியேற்ற இயலாமல், கையைச் சுடுமுன் தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்கிறது. இது குறையன்று, பாதுகாப்பு. சிறிய உடலுக்குள் ஆயிரக்கணக்கான லூமென் என்னும் விளம்பரம்தான் குறை.

இனி ஒரு கணக்கு. ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவருக்கும் இதைப் பயிற்சியாகக் கொடுக்கலாம். மீண்டும் மின்னேற்றத்தக்க டபுள் ஏ மின்கலம் ஒன்று ஏறக்குறைய 2,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட்டு. இரண்டையும் பெருக்கினால் 2.4 வாட்-மணி. நல்ல விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் எனக் கொண்டால், அந்த மின்கலத்திலிருந்து கிடைக்கக்கூடியது 240 லூமென்-மணி. இதனை 100 லூமெனாக எரித்தால் இரண்டரை மணிக்குச் சற்றுக் குறைவு. 10 லூமெனாக எரித்தால் ஒரு நாள் முழுவதும். ‘ஒரே டபுள் ஏ, 1,000 லூமென், 10 மணி நேரம்’ என்று எவரேனும் விற்றால் அவர் கேட்பது 10,000 லூமென்-மணி. இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதுகிறார் என்று மாணவரே சொல்லிவிடுவர்.

இக்கணக்கிலிருந்து மற்றோர் உண்மையும் விளங்கும். நம்பத்தகும் விளக்குக்கு உயர்ந்த ஒளியைவிடத் தாழ்ந்த ஒளியே உயிர். மாடிப்படி இறங்கவும் மருந்துப் புட்டியின் பெயரைப் படிக்கவும் 5 முதல் 20 லூமென் போதும். இருளில் 20, 30 நிமிடங்கள் இருந்து பழகிய கண்ணுக்கு ஒரு லூமெனே மிகுதி. நம் கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. நான்கு மடங்கு ஒளியை ஏறத்தாழ இரு மடங்காகவே உணர்கிறது. ஆகவே 400 லூமெனை 100 ஆக்கினால் இழப்பது சிறிது; பெறுவது நான்கு மடங்கு நேரம். அழுத்தியவுடன் தாழ்ந்த ஒளியில் தொடங்கும் விளக்கையோ, கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்திருக்கும் விளக்கையோ தேர்க. நள்ளிரவில் கண் கூசச் செய்து, பிறகு ‘மின்வெட்டி மின்வெட்டி’ ஆடும் நிலையைக் கடந்தே தாழ்ந்த ஒளிக்கு வரும் விளக்கை யாருக்கும் பரிந்துரைக்க இயலாது.

மின்கலத்துக்கு வருவோம். விளக்கு கெடுவதாகச் சொல்லப்படுவதில் பெரும்பாலும் கெடுவது மின்கலமும் அது தொடும் முனைகளுமே. பழைய பெரிய டார்ச்சில் இரண்டு மூன்று மின்கலங்களை வரிசையாகப் போடுவர். அவற்றுள் ஒன்று பழையதாகவோ வலுக்குன்றியதாகவோ இருந்தால், மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி அதனைத் தலைகீழாக மின்னேற்றும். அப்போது அது உள்ளிருப்பதைக் கக்கும். பசைபோல் வெள்ளையாக ஒழுகி, சுருள்வில்லை அரித்து, விளக்கைத் திறக்கவும் முடியாமற் செய்வது இதுவே. மூன்று டிரிபிள் ஏ மின்கலங்களை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து வரும் மலிவு விளக்குகளில், மின்சாரம் கடக்கவேண்டிய தொடுமுனைகளை எண்ணிப் பார்த்தாலே அவை ஏன் தட்டினால்தான் எரிகின்றன என்பது புரியும். ஒற்றை மின்கல விளக்கில் ஒன்றையொன்று கெடுக்கும் துணையே கிடையாது. நாள்தோறும் சட்டைப்பையில் வைப்பதற்கு ஒற்றை மின்கல விளக்கே மேல் என்பதில் ஐயமில்லை.

எந்த மின்கலம்? டபுள் ஏ எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். வெள்ளத்திலும் பக்கத்து வீட்டுச் சுவர்க்கடிகாரத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம். அதுவே அதன் பெருமை. விளக்குக்குள் நிலையாக வைப்பது நிக்கல் வகையாக, மின்னேற்றத்தக்கதாக, இருக்கட்டும். அது ஒழுகுவது அரிது. அல்கலைன் மின்கலத்தை அவசரத்துக்குப் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடவேண்டும். மாதக்கணக்கில் திறக்காத அவசரப் பைக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் 1.5 வோல்ட்டு லித்தியம் டபுள் ஏ விலை கூடினாலும் தகும். பத்தாண்டுக்கு மேலும் வலுக்குன்றாமல் இருக்கும்.

வலுமிக்க விளக்கு வேண்டுவோர் 18650 என்னும் லித்தியம்-அயன் மின்கலத்தை நாடுவர். அவ்வெண்ணின் பொருள் எளிது: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழி உருளை வடிவைக் குறிக்கும். அது 12 வாட்-மணிக்கு மேலும் கொள்ளும். டபுள் ஏயைப்போல் ஐந்து மடங்கு. ஆனால் போலிகள் மலிந்த பொருள் இது. இவ்வளவில் பரவலாகக் கிடைக்கும் நல்ல மின்கலங்களின் உச்சம் சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணியே. 9,900 என்று அச்சிட்டிருந்தால் தொடாமல் விலகுக. எடையும் காட்டிக்கொடுக்கும்: நல்லது 45 முதல் 50 கிராம் இருக்கும். டபுள் ஏ அளவிலேயே வரும் 14500 என்னும் லித்தியம்-அயன் மின்கலத்திலும் கண் இருக்கட்டும். அது முழுமையாக ஏறியபோது 4.2 வோல்ட்டு, 1.5 வோல்ட்டுக்கென அமைந்த விளக்கில் அதைப் போட்டால் விளக்கு எரியாது, எரிந்துபோகும்.

விசை விளக்கின் பின்முனையிலும் இருக்கலாம், பக்கத்திலும் இருக்கலாம். அது அவரவர் விருப்பம். ஈரக் கையாலும், பாராமலே தடவியும் அழுத்த வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது போதும். நீர்காப்பில் ஐ.பி.எக்ஸ். 7 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்பது பொருள். மழைநாட்டுக்கு அதற்குக் குறையாமலிருத்தல் நலம்.

ஒளியின் நிறம் பற்றி அட்டையில் எழுதுவோர் குறைவு. வாங்குவோர் கேட்பதும் குறைவு. ஆயினும் தோட்டப்புறத்தில் வாழ்வோர்க்கு இதுவே முதன்மை. பால்மரத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்குக் கட்டி மரத்தடிக்கு நடந்த தலைமுறைக்குச் சருகின்மேல் கால் வைக்கும் அச்சம் புதிதன்று. அந்நேரத்துக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாகப் பாயும் என்பதால் இருளில் நடப்பதைத் தவிர்க்கவும் இயலாது. வட மாநிலங்களில் காணப்படும் மலாயாக் குழிவிரியன் காய்ந்த இலையின் நிறத்தில், ஆள் அணுகினாலும் அசையாமல் கிடக்கும். நீலம் பாய்ந்த வெள்ளொளியில் பழுப்பு நிறங்கள் யாவும் சாம்பலாகி ஒன்றோடொன்று கலந்துவிடும். பாம்பும் சருகும் ஒன்றாகத் தோன்றும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு குறியீடு உண்டு. அது 90-க்கு மேல் உள்ள எல்.இ.டி. சிறிது ஒளி குறைவாகத் தந்தாலும் அதையே வாங்கலாம். குறியீடு எழுதப்படாவிட்டால் உள்ளங்கையில் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்க: சதை சிவப்பாகத் தெரிந்தால் நன்று, பிணத்தின் கைபோல் வெளிறினால் வேண்டாம்.

வாங்கி வந்த அன்றே ஒரு சோதனை செய்வது நல்லது. மின்கலத்தை முழுமையாக ஏற்றி, மாலையில் நடுத்தர ஒளியில் எரியவிட்டு, மணிக்கொருமுறை ஒரே சுவரில் ஒரே தொலைவிலிருந்து பார்த்துக் குறிக்க. உறங்கச் செல்லுமுன் எந்த நிலையில் இருந்தது என்பது அட்டையில் எழுதியதைவிட உறுதியான செய்தி. பராமரிப்பும் பெரிதன்று. மூடியின் மரையையும் ரப்பர் வளையத்தையும் ஆண்டுக்கு இருமுறை துடைத்துச் சிலிக்கோன் மசகு தடவினால் போதும். வாசலின் ஒருசில ரப்பர்களை ஊதச் செய்யும். அல்கலைன் ஒழுகியிருந்தால் அந்த வெள்ளைப் படிவு காரம். எலுமிச்சைச் சாறோ புளிக்காடியோ தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு சிறிது நீரால் துடைத்து உலரவிட்டால் சுருள்வில் பல சமயம் பிழைத்துக்கொள்ளும்.

பைக்குள் போடுமுன் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவைத்தால் பல விளக்குகளில் மின்னோட்டம் அறுந்துவிடும். புத்தகம் அழுத்தி விளக்கு தானாக எரிந்து பையைச் சுடாது. லித்தியம்-அயன் விளக்கை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்கலாகாது. விமானப் பயணத்தில் உதிரி லித்தியம் மின்கலத்தைப் பெட்டியில் அனுப்பாமல், முனைகள் ஒன்றையொன்று தொடாதவாறு உறையிலிட்டுக் கைப்பையில் எடுத்துச் செல்லவேண்டும்.