கிரைஸ்லர் கே-கார்

கிரைஸ்லர் கே-கார் என்பது அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிரைஸ்லர் நிறுவனம் 1981 முதல் 1989 வரையான மாதிரி ஆண்டுகளில் விற்பனை செய்த முன்சக்கர இயக்கச் சிறுவகைத் தானுந்துகளைக் குறிக்கும். டாட்ஜ் ஏரீஸ், பிளைமவுத் ரிலையன்ட் ஆகியன இவ்வகையின் முதல் இரு வண்டிகளாகும். பெயரும் முகப்புத் தோற்றமும் நீங்கலாக இவ்விரண்டும் ஏறக்குறைய ஒரே வண்டியே. "கே" என்பது இவற்றின் அடித்தளத்திற்கு நிறுவனம் இட்ட குறியீட்டு எழுத்து ஆகும்.

வேகத்திற்காகவோ அழகிற்காகவோ இவ்வண்டிகள் பேசப்பட்டதில்லை. எனினும் திவாலாகும் நிலையில் இருந்த ஒரு பெருநிறுவனம் மீண்டெழ இவையே முதன்மைக் காரணமாயின. ஒரே அடித்தளத்திலிருந்து பல்வேறு வகை வண்டிகளை உருவாக்கும் முறைக்கு இவை சிறந்த எடுத்துக்காட்டாகவும் விளங்குகின்றன.

பின்னணி

1970களின் நடுப்பகுதி வரை அமெரிக்கத் தானுந்துகளில் பெரும்பாலானவை நீளமானவையாகவும் எடை மிக்கவையாகவும் இருந்தன. அவற்றில் பொறி முன்புறமும் இயக்கும் சக்கரங்கள் பின்புறமும் அமைந்திருந்தன. 1973இல் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், 1975இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் தானுந்துகளின் சராசரி எரிபொருள் சிக்கனத்திற்கு வரையறை விதித்தது. 1978ஆம் மாதிரி ஆண்டில் கலனுக்கு 18 மைல் (லீட்டருக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ.) எனத் தொடங்கிய இவ்வரையறை, 1985இல் 27.5 மைல் (லீட்டருக்கு ஏறத்தாழ 11.7 கி.மீ.) ஆக உயர வேண்டியிருந்தது. ஈரானியப் புரட்சியை அடுத்து 1979இல் எண்ணெய் விலை மீண்டும் ஏறியபோது பெரிய வண்டிகளின் விற்பனை சரிந்தது.

கிரைஸ்லர் 1979இல் ஏறத்தாழ 110 கோடி டாலரும், 1980இல் ஏறத்தாழ 170 கோடி டாலரும் இழப்பைச் சந்தித்தது. 1980 சனவரி 7 அன்று குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டத்தின்படி, அந்நிறுவனம் பெறும் 150 கோடி டாலர் வரையிலான கடனுக்கு அரசு பொறுப்பேற்றது. இதற்கு ஈடாகத் தொழிலாளர்கள், வங்கிகள், உதிரிப்பாகம் வழங்குவோர் ஆகிய அனைவரும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. தொழிலாளர்கள் ஊதியக் குறைப்பை ஏற்றனர். அரசின் பொறுப்புறுதியும் தொழிலாளர்களின் இழப்பும் வீணாகாமல் இருப்பது, அப்போது சந்தைக்கு வராத ஒரு வண்டியின் வெற்றியைச் சார்ந்திருந்தது. அதுவே கே-கார் ஆகும்.

ஃபோர்டு நிறுவனத்திலிருந்து 1977இல் வந்த ஹால் ஸ்பெர்லிக் இவ்வண்டியின் திட்டமிடலில் முதன்மைப் பங்கு வகித்தார். அதே நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டு 1978 நவம்பரில் கிரைஸ்லரில் சேர்ந்த லீ ஐயகோக்கா, மக்களிடமும் நாடாளுமன்றத்திடமும் இதனை எடுத்துச் சென்றார்.

வடிவமைப்பு

கே-கார் பின்சக்கர இயக்கம் கொண்ட டாட்ஜ் ஆஸ்பென், பிளைமவுத் வொலாரே ஆகிய வண்டிகளுக்கு மாற்றாக வந்தது. அவற்றின் நான்கு கதவு வண்டி 5 மீட்டருக்கும் கூடுதலான நீளம் உடையது. கே-காரின் நீளம் ஏறத்தாழ 4.47 மீட்டர் (176 அங்குலம்) மட்டுமே. சக்கர இடைத்தூரம் ஏறத்தாழ 2.53 மீட்டர் ஆகும். எடையும் பல நூறு கிலோகிராம் குறைந்தது. இருந்தபோதிலும் முன்னிருக்கையில் மூவரும் பின்னிருக்கையில் மூவருமாக ஆறு பேர் அமரலாம் என்று விளம்பரம் செய்யப்பட்டது.

நீளத்தைக் குறைத்தும் இடவசதியைக் காத்தது எவ்வாறு என்பதை அறிய, பொறி அமைந்த விதத்தை நோக்க வேண்டும். பின்சக்கர இயக்க வண்டியில் பொறி நெடுக்குவாட்டில் அமையும். அதன் பின்னே கியர்பெட்டியும், அங்கிருந்து பின் அச்சு வரை செல்லும் நீண்ட சுழல்தண்டும் தேவை. இத்தண்டுக்கு இடம் விடுவதற்காக வண்டியின் தரை நடுவில் மேடாக இருக்கும். கே-காரில் பொறியும் கியர்பெட்டியும் குறுக்குவாட்டில் அடுத்தடுத்துப் பொருத்தப்பட்டன. இரண்டு குறுகிய அரைத்தண்டுகள் நேரே முன்சக்கரங்களைச் சுழற்றின. இதனால் பொறியறை குறுகியது. நீண்ட தண்டும் பின் அச்சின் எடைமிக்க பற்சக்கரத் தொகுதியும் தேவையற்றுப் போயின. பொறியின் எடை இயக்கும் சக்கரங்களின் மீதே அழுந்துவதால் பனியிலும் ஈரமான சாலையிலும் சக்கரங்களின் பிடிமானம் நன்றாக இருந்தது.

முன்புறத்தில் மெக்பெர்சன் வகைத் தாங்கியமைப்பும் பின்புறத்தில் சுருள்வில்களுடன் கூடிய எளிய குறுக்கு அச்சும் இருந்தன. முன்சக்கரங்களில் வட்டு நிறுத்திகளும் பின்சக்கரங்களில் உருளை நிறுத்திகளும் பயன்பட்டன. வெளித்தோற்றம் நேர்கோடுகளால் ஆன பெட்டி வடிவம் கொண்டது. இரண்டு கதவு, நான்கு கதவு, பின்புறம் நீண்ட ஸ்டேஷன் வேகன் ஆகிய மூன்று வடிவங்களில் இது கிடைத்தது. செலவைக் குறைக்கும் நோக்கம் சிறு உறுப்புகளிலும் வெளிப்பட்டது. 1981ஆம் ஆண்டு நான்கு கதவு வண்டிகளில் பின்கதவுக் கண்ணாடிகளைக் கீழிறக்க இயலாது. இக்குறை அடுத்த ஆண்டில் நீக்கப்பட்டது.

முன்சக்கர இயக்கம் அமெரிக்காவிற்குப் புதிதன்று. 1929இல் கோர்டு எல்-29, 1966இல் ஓல்ட்ஸ்மொபைல் டொரனாடோ ஆகியன இம்முறையில் வந்தன. ஆனால் அவை விலையுயர்ந்த வண்டிகள். குறுக்குவாட்டுப் பொறியுடன் கூடிய சிறுவகை வண்டியைக் கிரைஸ்லர் 1978ஆம் மாதிரி ஆண்டில் டாட்ஜ் ஆம்னி, பிளைமவுத் ஹொரைசன் என்ற பெயர்களில் வெளியிட்டது. கே-கார் அந்த அனுபவத்தைக் குடும்ப வண்டிக்கு விரிவாக்கியது.

பொறியும் செயல்திறனும்

அடிப்படைப் பொறி கிரைஸ்லர் தானே வடிவமைத்த 2.2 லீட்டர் நான்கு உருளைப் பொறியாகும். இதன் உருளைத் தொகுதி வார்ப்பிரும்பாலும் தலைப்பகுதி அலுமினியத்தாலும் ஆனவை. 1981இல் இது 84 குதிரைத்திறன் தந்தது. மேல்தண்டை இயக்கும் பட்டை ஓட்டத்தின்போது அறுந்தாலும் ஊடிதழ்கள் உந்துதண்டில் மோதிச் சிதையாத வகையில் இப்பொறி அமைந்திருந்தது. பழுதுபார்ப்போர் இதனைப் பெரிதும் விரும்பினர். கூடுதல் விலைக்கு மிட்சுபிசி நிறுவனத்தின் 2.6 லீட்டர் பொறி (92 குதிரைத்திறன்) கிடைத்தது. தொடக்கத்தில் நான்கு நிலைக் கைக்கியர்பெட்டி அல்லது மூன்று நிலைத் தானியங்கிக் கியர்பெட்டி பொருத்தப்பட்டது.

ஓர் டன்னுக்குச் சற்றுக் கூடுதலான எடையை 84 குதிரைத்திறன் இழுக்க வேண்டியிருந்ததால் வண்டியின் முடுக்கம் மிதமானதே. தானியங்கிக் கியர்பெட்டியுடன் ஆறு பேர் ஏறினால் மேடுகளில் மந்தம் நன்கு தெரியும். கார்புரேட்டர் கொண்ட தொடக்கக் கால வண்டிகள் குளிர்ந்த காலையில் தடுமாறுவதும் நின்றுவிடுவதும் உண்டு. 1986ஆம் மாதிரி ஆண்டில் எரிபொருள் உட்செலுத்தல் முறை வந்தபின் இக்குறை பெரிதும் தீர்ந்தது. அதே ஆண்டில் மிட்சுபிசி பொறிக்கு மாற்றாக, அதிர்வைக் குறைக்கும் சமநிலைத் தண்டுகளுடன் கூடிய 2.5 லீட்டர் கிரைஸ்லர் பொறி அறிமுகமானது. இதன் திறன் ஏறத்தாழ 100 குதிரைத்திறன் ஆகும்.

2.2 லீட்டர் பொறியின் உறுதி, டர்போசார்ஜர் பொருத்தியபோது நன்கு வெளிப்பட்டது. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போசார்ஜர், பொறிக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும். அதனால் அதே அளவுள்ள பொறி கூடுதல் எரிபொருளை எரித்துக் கூடுதல் திறன் தரும். 1984இல் இவ்வாறு 142 குதிரைத்திறனும், காற்றைக் குளிர்விக்கும் அமைப்புடன் 1987இல் 174 குதிரைத்திறனும் பெறப்பட்டன. 1991இல் உருளைக்கு நான்கு ஊடிதழ்கள் கொண்ட தலைப்பகுதியுடன் டாட்ஜ் ஸ்பிரிட் ஆர்/டி வண்டியில் 224 குதிரைத்திறன் எட்டப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முன் 84 குதிரைத்திறன் தந்த பொறிக் குடும்பம் இதுவே என்பது குறிப்பிடத்தக்கது.

திறன் கூடியபோது முன்சக்கர இயக்கத்தின் எல்லைகளும் தெரிந்தன. ஒரே சக்கரங்கள் வண்டியை இழுக்கவும் திருப்பவும் வேண்டியுள்ளன. விரைவாக வளைவில் திரும்பினால் கனமான முன்பகுதி வளைவின் வெளிப்புறம் நோக்கி நழுவ முற்படும். மேலும், கியர்பெட்டி ஒரு பக்கமாக அமைவதால் இரு அரைத்தண்டுகளின் நீளமும் சமமாக இராது. முறுக்குவிசை திடீரென மிகும்போது திசைமாற்றி ஒரு பக்கமாக இழுக்கும். இதனைக் குறைக்க டர்போ வண்டிகளில் இடைத்தண்டு ஒன்றைச் சேர்த்து இருபுறத் தண்டுகளும் சம நீளமாக்கப்பட்டன.

விற்பனை

வண்டி 1980ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வெளிவந்தது. மோட்டார் டிரெண்ட் இதழ் ஏரீஸ், ரிலையன்ட் இரண்டையும் 1981ஆம் ஆண்டின் சிறந்த தானுந்தாக அறிவித்தது. ஆயினும் தொடக்க விற்பனை எதிர்பார்த்த அளவில் இல்லை. அடிப்படை விலை 6,000 டாலருக்குக் குறைவு என விளம்பரம் கூறியது. ஆனால் கடைகளுக்கு அனுப்பப்பட்டவற்றுள் பல, கூடுதல் வசதிகள் சேர்க்கப்பட்டு விலை உயர்ந்த வண்டிகளாக இருந்தன. அதே வேளையில் 1980 திசம்பரில் வங்கிகளின் முதன்மை வட்டி வீதம் 21.5 விழுக்காட்டைத் தொட்டது. தவணையில் வாங்குவோர் தயங்கினர். எளிய வண்டிகளை மிகுதியாக அனுப்பத் தொடங்கியதும் விற்பனை சீரடைந்தது. 1989 வரை ஏறத்தாழ 20 இலட்சம் ஏரீஸ், ரிலையன்ட் வண்டிகள் விற்பனையாயின.

அரசுப் பொறுப்புறுதியுடன் பெற்ற கடன் முழுவதையும் கிரைஸ்லர் 1983இல், உரிய காலத்திற்கு ஏழு ஆண்டுகள் முன்னதாகவே திருப்பிச் செலுத்தியது. அரசு தன்வசம் இருந்த பங்கு வாங்கும் உரிமைகளை ஏலமிட்டு ஏறத்தாழ 31 கோடி டாலர் பெற்றது.

வழித்தோன்றல் வண்டிகள்

புதிய அடித்தளங்களை உருவாக்கும் செல்வம் அப்போது கிரைஸ்லரிடம் இல்லை. எனவே கே அடித்தளமே நீட்டியும் குறைத்தும் உயர்த்தியும் பயன்படுத்தப்பட்டது. 1982இல் வந்த கிரைஸ்லர் லெபாரனின் திறந்த கூரை வடிவம், 1976க்குப் பின் அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்று விற்ற முதல் திறந்த கூரை வண்டியாகும். அடித்தளத்தை நீட்டிப் பெரிய குடும்ப வண்டிகளும், மாற்றியமைத்து டாட்ஜ் டேட்டோனா என்னும் விளையாட்டு வகை வண்டியும் உருவாயின.

இவற்றுள் மிகப் பெரும் வெற்றி பெற்றவை 1984ஆம் மாதிரி ஆண்டின் டாட்ஜ் கேரவன், பிளைமவுத் வொயேஜர் ஆகிய சிறுவேன்கள் ஆகும். கனடாவின் வின்சர் நகரில் இவற்றின் உற்பத்தி 1983 நவம்பரில் தொடங்கியது. பின் அச்சுக்குச் செல்லும் சுழல்தண்டு இல்லாததால் தரையைத் தாழ்வாகவும் சமமாகவும் அமைக்க முடிந்தது. எனவே ஏழு பேர் வரை அமரும் இவ்வண்டியைச் சாதாரண வீட்டுக் கொட்டகையிலும் நிறுத்த இயன்றது.

மதிப்பீடு

ஒரே அடித்தளத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதால் விலையுயர்ந்த கிரைஸ்லரும் மலிவான பிளைமவுத்தும் தோற்றத்திலும் ஓட்டத்திலும் ஒன்றையொன்று ஒத்திருந்தன என்ற குறை எழுந்தது. 1980களின் இறுதியில் சப்பானிய நிறுவனங்களின் புதிய வண்டிகள் நேர்த்தியிலும் ஓட்டத்திலும் முந்திச் சென்றபோது, பழைய அடித்தளத்தையே சார்ந்திருந்தது கிரைஸ்லருக்குப் பின்னடைவாயிற்று. கே அடித்தளத்தின் வழிவந்த டாட்ஜ் ஸ்பிரிட், பிளைமவுத் அக்கிளெயிம் ஆகியன 1995 வரை விற்கப்பட்டன.

முடுக்கத்தையும் தோற்றத்தையும் மட்டும் கொண்டு மதிப்பிட்டால் கே-கார் ஒரு சாதாரண வண்டியே. குறைந்த பொருட்செலவில், இருந்த ஒரே பொறியையும் ஒரே அடித்தளத்தையும் கொண்டு மக்களுக்குத் தேவையான பல வண்டிகளைத் தந்ததே இதன் பொறியியல் சிறப்பாகும்.