குரலுக்கும் ஒரு குடம்

வீணையின் தந்தியை மட்டும் இரண்டு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டி மீட்டிப் பாருங்கள். சற்றுத் தள்ளி இருப்பவருக்கே அது சரியாகக் கேட்காது. அதே தந்தி பலாமரக் குடத்தோடு கூடி அதிரும்போது கூடம் முழுவதும் நாதம் நிரம்புகிறது. நம் குரலுக்கும் இறைவன் இப்படி ஒரு குடத்தைத் தந்திருக்கிறார்.

நுரையீரலிலிருந்து வரும் மூச்சு, குரல்வளையிலுள்ள இரு குரல்நாண்களை அதிரச் செய்கிறது. பேசும்போது இவை ஆண்களுக்கு விநாடிக்கு ஏறத்தாழ 120 முறையும், பெண்களுக்கு ஏறத்தாழ 200 முறையும் அதிர்கின்றன. இங்கே பிறப்பது வெறும் ரீங்காரமே. தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகளிலுள்ள காற்றும் உடன் அதிர்வதால்தான் அது குரலாகிறது. இதுவே ஒத்ததிர்வு. நாவையும் இதழ்களையும் அசைத்து இவ்வறைகளின் வடிவத்தை மாற்றும்போது, அதே ரீங்காரம் 'ஆ' என்றும் 'ஈ' என்றும் 'ஊ' என்றும் ஒலிக்கிறது. 'ம்' என்று ஒலித்துக்கொண்டே மூக்கைப் பொத்தினால் ஒலி நின்றுவிடும். மூக்கின் பங்கு அப்போது விளங்கும். தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எழுத்தொலி பிறக்கும் எட்டு இடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் அன்றே கூறியுள்ளார்.

இதையெல்லாம் அறியாத நாங்கள், கிறிஸ்மஸ் பாடல் பயிற்சியில் போட்டி போட்டுக் கத்தினோம். நான்காம் நாள் பாதிப் பேருக்குக் குரல் கம்மிவிட்டது. கத்தும்போது குரல்நாண்கள் பலமாக மோதி வீங்குகின்றன. ஓயாமல் கத்தினால் அவற்றில் சிறு முடிச்சுகளும் தோன்றலாம். குரல் கம்மல் பல வாரம் நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும்.

பிறகு பாடற்குழுவை நடத்தும் சிஸ்டர் எங்களுக்கு ஒரு பயிற்சி தந்தார். நிமிர்ந்து நின்று, தோள்களைத் தளர்த்தி, வயிறு விரியுமாறு மூச்சை இழுக்க வேண்டும். இதழ்களை மூடி, பற்களைச் சற்றே விலக்கி, மெதுவாக 'ம்' என்று இசைக்க வேண்டும். இதழிலும் மூக்கிலும் சிறு கூச்சம் தெரியும்போது, அந்த உணர்வை விடாமல் 'மா' என்று வாயைத் திறக்க வேண்டும். ஒரு வாரத்தில் வேறுபாட்டை நாங்களே கேட்டோம்.

எங்களுள் ஒருத்தி, குரல் சிறியது என்று எப்போதும் பின்வரிசையில் நின்றவள். பெரிய வியாழனன்று அவள் திருப்பலியில் வாசகம் படித்தாள். கத்தவில்லை, ஆயினும் கடைசி வரிசையிலிருந்த பாட்டிமாருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

தோழியரே, சிறிய குரல் என்று நம்மில் எவரும் ஒதுங்க வேண்டாம். தந்தி மெல்லியதுதான்; குடத்தைத் திறந்து வைப்போம்.