மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு: தூய்மைப் பணியாளர் எங்கே?

மருத்துவமனையில் நோய்த்தொற்றைத் தடுப்பது மருத்துவர், செவிலியர் ஆகியோரின் பணி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அறுவை அரங்கின் தரையைத் துடைப்பவரும் இரத்தம் தோய்ந்த பஞ்சை அள்ளுபவரும் அக்கணக்கில் வருவதில்லை. தமிழ்நாட்டில் அப்பணி பெரும்பாலும் தலித்துகளின் தோள்களிலேயே சாதியால் ஏற்றப்பட்டுள்ளது. ஆகவே தொற்றுத் தடுப்பு, மருத்துவப் பிரச்சினையாக இருக்கும் அதே வேளையில் சமூக நீதிப் பிரச்சினையும் ஆகும்.

குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் தீவிர சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்படும் 100 பேரில் 15 பேர் அங்கேயே புதிய தொற்றுக்கு ஆளாகின்றனர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை. செல்வ நாடுகளில் அது 7 பேர். மாமல்லபுரம் கடற்கரை மீனவரும், திருப்போரூர் இருளரும், மதுராந்தகம் விவசாயக் கூலிகளும் அறுவை சிகிச்சைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நம்பியே வருகின்றனர். தூய்மை குலைந்தால் முதலில் பாதிக்கப்படுவோர் இவர்களே.

பணியாளருக்கு நேரும் ஆபத்து இன்னும் நேரடியானது. குப்பைப் பையில் தவறாகப் போடப்பட்ட ஓர் ஊசி கையில் குத்தினால் போதும். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாட்கள் வரை உயிர்ப்புடன் இருக்கும். தடுப்பூசி பெறாதவருக்குத் தொற்றுடைய ஊசி குத்தினால் நோய் தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு. எச்.ஐ.வி.க்கு அது ஏறத்தாழ 0.3 விழுக்காடு, 72 மணி நேரத்திற்குள் தடுப்பு மருந்து தொடங்கியாக வேண்டும்.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016, ஊசிகளைத் துளைபடாத வெள்ளைப் பெட்டியிலும், இரத்தம் தோய்ந்த கழிவுகளை மஞ்சள் பையிலும் சேர்க்கப் பணிக்கின்றன. கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, பயிற்சி, பாதுகாப்புக் கருவிகள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடற்பரிசோதனை ஆகியவற்றை அளிப்பது மருத்துவமனையின் கடமை. ஒப்பந்த நிறுவனத்தைக் காட்டி அக்கடமையிலிருந்து நிர்வாகம் விலக முடியாது. ஆயினும் அரசு மருத்துவமனைகளின் தூய்மைப் பணி ஒப்பந்தத்திற்கு விடப்பட்ட பின், ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கின்றனர். ஆறு மாதங்களில் மூன்று தவணையாக முடிக்க வேண்டிய தடுப்பூசியோ நிலையான பணியைக் கோருகிறது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில், ஹெபடைட்டிஸ் பி உள்ளிட்ட தடுப்பூசிகளைத் தயாரிக்க ஒன்றிய அரசு பெரும் வளாகமொன்றைக் கட்டியது. 2021 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பார்வையிட்டபோதும் அங்கு உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை.

மாணவர்களும் களப்பணியாளர்களும் தத்தம் பகுதி மருத்துவமனைகளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கத்தக்க கேள்விகள் நான்கு: ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் எத்தனை பேர்? மூன்று தவணைத் தடுப்பூசியும் பெற்றோர் எத்தனை பேர்? கடந்த ஆண்டு பதிவான ஊசிக்குத்து நிகழ்வுகள் எத்தனை? அவர்களுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சை என்ன? பதில் தர 30 நாட்களே அவகாசம். நிகழ்வே இல்லை என்று பதில் வந்தால், விபத்துப் பதிவேட்டின் நகலைக் கோருங்கள். பதிவாகாத காயத்திற்குச் சிகிச்சையும் இல்லை, இழப்பீடும் இல்லை.