யாரையும் மிரள வைக்காத கத்தி

அலுவலகத்துக்கு ஒரு கூரியர் பார்சல் வந்தால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பேனா முனையால் டேப்பைக் குத்துவார். இன்னொருவர் வண்டிச் சாவியால் இழுத்துப் பார்ப்பார். கடைசியில் யாராவது பல்லால் கடிப்பார். புதுச் சட்டையின் விலைச்சீட்டு, மாத்திரை அட்டை, கம்ப்யூட்டர் ஒயர்களை இறுக்கிக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டை எல்லாவற்றுக்கும் இதே பாடுதான். கத்தரிக்கோல் ஒன்று இருக்கத்தான் செய்யும். தேடும்போது அது அடுத்த பிரிவில் யார் மேசையிலோ இருக்கும். சாவிக்கொத்தில் ஒரு சின்ன மடக்குக் கத்தி தொங்கினால் இவை எல்லாம் நொடியில் முடிகிற வேலைகள்.

ஆனால் அலுவலகத்தில் கத்தியை எடுப்பது என்றால் பலருக்கும் தயக்கம் வரும். அந்தத் தயக்கம் நியாயமானது. கறுப்புப் பூச்சு பூசிய, ஒரு விரலால் தட்டினாலே 'டக்'கென்று விரிகிற நீளமான கத்தியை வேலை செய்யும் இடத்தில் ஒருவர் எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் பின்வாங்கத்தான் செய்வார். பழத்தை நறுக்கத்தான் எடுத்தேன் என்று பிறகு சொல்லிப் பயனில்லை. ஆகவே பக்கத்து இருக்கைக்காரர் பார்த்ததும் என்ன நினைப்பார் என்ற கேள்வியோடுதான் தேர்வைத் தொடங்க வேண்டும். எஃகு, கூர், விலை எல்லாம் அதற்கு அடுத்த வரிசை.

எழுத்து வேலை பார்ப்பவர் கையில் கத்தி இருப்பது நம்மூரில் புதிய வழக்கமும் அல்ல. பனையோலையில் எழுதிய காலத்தில் ஒரு முனையில் எழுதும் ஊசியும் மறு முனையில் ஓலையை வாருகிற கத்தியுமாக வாரெழுத்தாணி இருந்தது. மடக்கி உறையில் செருகிக்கொள்ளக்கூடிய மடக்கெழுத்தாணியும் இருந்தது. உ.வே. சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் இந்த எழுத்தாணி வகைகளை விவரித்திருக்கிறார். ஓலையைச் சீராக நறுக்கி, ஓரம் வாரி, பிறகு எழுதியவர்களுக்குக் கத்தி எழுதுகோலின் பாதி.

இன்றைய அலுவலகக் கத்தியின் கதை ஸ்விட்சர்லாந்தின் ஷ்வீஸ் மாநிலத்தில், இபாக் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. கார்ல் எல்சனர் 1884-ல் அங்கே ஒரு கத்திப் பட்டறை போட்டார். அந்தச் சமயத்தில் ஸ்விஸ் ராணுவம் தன் வீரர்களுக்கு ஒரு மடக்குக் கத்தி கொடுக்க முடிவு செய்தது. புதிய துப்பாக்கியைக் கழற்றிப் பூட்ட ஒரு திருப்புளி, தகர டப்பாவைத் திறக்க ஒரு கருவி, துளை போட ஒரு ஊசி, வெட்ட ஓர் அலகு, அவ்வளவுதான் தேவை. அதற்கான முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்துதான் வந்தன. நம் நாட்டு ராணுவத்துக்கு நம் நாட்டிலேயே கத்தி செய்ய வேண்டும் என்று எல்சனர் மற்றக் கத்தித் தொழிலாளர்களைத் திரட்டினார். 1891-ல் அவர் கத்திகள் ராணுவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் ஜெர்மன் விலையோடு போட்டி போட முடியாமல் அவர் கிட்டத்தட்ட திவாலாகிவிட்டார்.

அவரைத் தூக்கி நிறுத்தியது அதைவிட இலகுவான இன்னொரு கத்தி. கருவிகளை நிறுத்திப் பிடிக்கும் எஃகு வில்லின் (ஸ்பிரிங்கின்) ஒரு பக்கத்தில் மட்டும் கருவிகளை அடுக்காமல், முதுகுப் பக்கத்திலும் கருவிகளை வைத்து, ஒரே வில் இரு பக்கத்துக்கும் வேலை செய்யும்படி அமைத்தார். இரண்டே வில்களில் ஆறு கருவிகள். 1897 ஜூன் 12-ல் அதற்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 1909-ல் எல்சனரின் தாய் விக்டோரியா இறந்தபோது அவர் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார். 1921-ல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும், அதைக் குறிக்கும் 'இனாக்ஸ்' சேர்ந்து 'விக்டோரினாக்ஸ்' ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இவற்றை ஆசையாக வாங்கிப்போக, 'ஸ்விஸ் ஆர்மி நைஃப்' என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிதான் அலுவலகத்துக்குப் பொருத்தமானது. 'கிளாசிக் எஸ்டி' என்ற அந்த மாதிரி மடக்கிய நிலையில் 58 மில்லிமீட்டர் நீளம், சுமார் 21 கிராம் எடை. அதற்குள் ஒரு சிற்றலகு, ஒரு கத்தரிக்கோல், முனையில் சின்னத் திருப்புளி உள்ள நக அரம், பிடியில் செருகிய முள்வாங்கி, பல்குத்தி, சாவி வளையம். அலகின் நீளம் நான்கு சென்டிமீட்டர்கூட வராது. பிடி சிவப்பு மட்டுமல்ல, பல நிறங்களிலும் கிடைக்கிறது. மேசையில் கிடந்தால் அதைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். எடுத்துப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கினீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

பார்சலை அதைக் கொண்டு பிரிப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அலகின் பக்கவாட்டில் நகம் பதிய ஒரு சிறு பள்ளம் இருக்கும். இடது கையில் பிடியைப் பிடித்து, வலது கட்டைவிரல் நகத்தால் அலகை இழுக்க வேண்டும். முதலில் கொஞ்சம் முரண்டும். பாதி தாண்டியதும் முதுகிலிருக்கும் வில்லே அதைத் தள்ளி நேராக நிறுத்திவிடும். முனையை மட்டும் டேப்பில் பதித்து, பெட்டியின் இரு மூடிகளும் சேரும் கோட்டின் மேலேயே தன் உடம்புக்கு எதிர்ப்புறமாக இழுத்தால் போதும். அலகு குட்டையாக இருப்பதால் உள்ளே இருக்கும் புடவையோ புத்தகமோ கிழிவதில்லை. நீளமான கத்தி வைத்திருப்பவர்கள் பார்சலோடு பொருளையும் சேர்த்து வெட்டிவிடுவது இந்த இடத்தில்தான். வேலை முடிந்ததும் மடக்கி வைத்துவிட வேண்டும். யாராவது கேட்டால் மடக்கியபடிதான் கொடுக்க வேண்டும், திறந்தபடி நீட்டவே கூடாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, இந்த அலகுக்குப் பூட்டு கிடையாது. வில்லின் அழுத்தம்தான் அலகை நிறுத்தி வைத்திருக்கிறது. முனையால் எதையாவது குத்தித் துளைக்கப் போனால் அலகு மடங்கி விரலில் இறங்கிவிடும். துளையிட வேண்டுமானால் திருப்புளி முனையையோ வேறு கருவியையோதான் நாட வேண்டும். பூட்டு இல்லாதது குறை போலத் தோன்றினாலும், அலுவலகத்தில் பெரும்பாலும் இழுத்து வெட்டும் வேலைதான். அதற்கு வில்லே போதும். பல நாடுகளின் சட்டமும் பூட்டு இல்லாத கத்தியைத்தான் இலகுவாக ஏற்கிறது.

கிளாசிக்கில் அதிகம் உழைப்பது கத்தரிக்கோல்தான். சட்டைக் கையில் தொங்கும் நூல், காபிப் பொடி உறையின் மூலை, உடைந்த நகம், மருந்துப் பட்டை என்று அன்றாடம் வெட்ட வேண்டியவற்றில் பெரும்பகுதியைக் கத்தரிக்கோல்தான் முடிக்கிறது. அதைக் கையில் எடுத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. லெதர்மேன் நிறுவனத்தின் 'மைக்ரா' இதை அறிந்தே செய்யப்பட்டது: விரித்தால் நடுநாயகமாக வருவது கத்தரிக்கோல்தான், அலகும் மற்றக் கருவிகளும் கைப்பிடிக்குள் ஒதுங்கியிருக்கும். எடை 50 கிராம் அளவில் இருப்பதால் சட்டைப் பையைக் கொஞ்சம் இழுக்கும். கத்தி வாங்க நினைப்பவர் முதலில் ஒரு வாரம் தாம் எதையெதை வெட்டுகிறோம் என்று கவனித்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. பாதிப் பேருக்குத் தேவை கத்தரிக்கோல் உள்ள கத்திதான், வெறும் கத்தி அல்ல.

மதியம் கொய்யாவோ ஆப்பிளோ நறுக்குகிறவர்களுக்கு 58 மில்லிமீட்டர் போதாது. அவர்களுக்கு அதே நிறுவனத்தின் 'கேடட்' பொருந்தும். 84 மில்லிமீட்டர் நீளம், அலுமினியப் பிடி, மெல்லிய உடம்பு. சட்டைப் பையில் பேனா போலக் கிடக்கும். பிரான்ஸின் சவாய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஒபினெல் 1890-ல் தொடங்கிய மரப்பிடிக் கத்தியும் அழகானது, எளிமையானது. பழம் நறுக்க அதைவிட இதமான கத்தி குறைவு. ஆனால் அதில் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டு வகை உண்டு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கார்பன் எஃகை வாங்கினால் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் துரு பிடித்துவிடும். மழைக்காலத்தில் மரப்பிடி ஊதி அலகு திறக்கவும் மறுக்கும். நம் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகும் அலுமினிய அல்லது பிளாஸ்டிக் பிடியும்தான் சரி.

நாளுக்குப் பத்துப் பெட்டி பிரிக்கும் கிடங்குப் பிரிவுக்கு மடக்குக் கத்தியே வேண்டாம். அங்கே ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் பேப்பர் கட்டர்தான் ராஜா. அட்டைப்பெட்டி கூரைச் சீக்கிரம் தின்றுவிடும். கட்டரில் முனையை ஒடித்துப் போட்டால் புதுக் கூர் வந்துவிடுகிறது. இதை 1956-ல் கண்டுபிடித்தவர் ஒசாகாவில் காகிதம் வெட்டும் வேலையில் இருந்த யோஷியோ ஒகாடா. உடைந்த கண்ணாடித் துண்டின் கூரும், கோடு கோடாக ஒடிக்கும் சாக்லேட் கட்டியும் சேர்ந்து அவருக்கு அந்த யோசனையைக் கொடுத்தன. 'ஓல்ஃபா' என்ற நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. ஆனால் கட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியக் கூடாது. சறுக்குப் பட்டன் தானாக நகர்ந்தால் துணியோடு தோலையும் கிழிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. டெல்லியில் கூடுதலாக, பட்டனை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திகள் மீது தனி அறிவிக்கை இருக்கிறது, அதில் 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம் என்பதே எல்லை. நகத்தால் திறக்கும் சின்னக் கத்தி இந்த இரண்டுக்கும் வெகு தொலைவில் இருக்கிறது. பட்டன் கத்தி மட்டும் எந்த ஊரிலும் வேண்டாம். அது செய்யும் எந்த அலுவலக வேலையையும் சாதாரணக் கத்தி செய்யும். சந்தேகத்தை மட்டும் அது கூடுதலாகச் சம்பாதித்துத் தரும்.

லண்டனில் இருக்கும் மகனுக்கோ மச்சானுக்கோ பரிசாக வாங்கிப் போகிறவர்கள் அந்த நாட்டுக் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1988-ம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியை அங்கே காரணம் சொல்லாமல் பையில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால், எவ்வளவு சின்னதானாலும், தகுந்த காரணம் காட்ட வேண்டும். ஜப்பானில் பொது எல்லை 6 சென்டிமீட்டர். அதற்குக் குறைவானதையும் காரணமின்றி மறைத்து வைத்திருந்தால் போலீஸ் கேள்வி கேட்கும்.

சட்டத்தில் இடம் இருந்தாலும் வாசலில் இடம் இருக்க வேண்டும் என்பதில்லை. பல ஐ.டி. வளாகங்கள் பையை ஸ்கேனரில் விட்டுத்தான் உள்ளே அனுப்புகின்றன. மெட்ரோ ரயில் நிலையம், நீதிமன்றம், திரையரங்கு ஆகியவற்றிலும் சோதனை உண்டு. காவலாளியிடம் 58 மில்லிமீட்டர் என்று வாதாடுவதில் பொருளில்லை; அவர் தம் கடமையைச் செய்கிறார். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அனுமதி இருந்தால் மேசை இழுப்பறையிலேயே வைத்துக்கொள்வது மெட்ரோவில் வந்துபோகிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

விமானத்தில்தான் கத்திகள் அதிகம் பறிபோகின்றன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு கைப்பையில் கத்தி கூடாது என்றானதும், விமான நிலையக் கடைகளை நம்பியிருந்த விக்டோரினாக்ஸுக்கு விற்பனையில் பெரிய அடி விழுந்தது. அமெரிக்காவில் 6 சென்டிமீட்டருக்குக் குறைந்த கத்திகளை மீண்டும் அனுமதிக்கப் போவதாக 2013 மார்ச்சில் அறிவித்தார்கள். விமானப் பணியாளர்கள் கொதித்தெழ, ஜூனில் அதைக் கைவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியப் பொது விதியில் 6 சென்டிமீட்டர் வரை இடம் உண்டு. இந்தியாவில் கைப்பையில் இடமே இல்லை. சாவிக்கொத்தில் தொங்குவதை மறந்துவிட்டு வருகிறவர்கள் பாதுகாப்புச் சோதனையில் அதை இழந்துவிட்டுப் போகிறார்கள். முந்தின இரவே கழற்றி, ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

பராமரிப்புக்குப் பெரிய வேலை இல்லை. விக்டோரினாக்ஸ் அலகின் கடினம் ராக்வெல் அளவில் 56, அதாவது கொஞ்சம் மென்மையான எஃகு. அதனால் கூர் சீக்கிரம் மழுங்கும், அதே காரணத்தால் சீக்கிரம் தீட்டவும் முடியும். மென்மையான சாணைக்கல்லில் அவ்வப்போது சில இழுப்புகள் போதும். டேப்பின் பசை அலகில் ஒட்டினால் சானிடைசர் தொட்ட துணி எடுத்துவிடும். பழம் நறுக்குமுன் கழுவ வேண்டும், நறுக்கிய பின்பும் கழுவ வேண்டும். சட்டைப் பைப் பஞ்சு மூட்டுகளில் அடைத்துத் திறக்கத் தகராறு செய்தால் வெதுவெதுப்பான நீரில் முக்கி, நாலைந்து முறை திறந்து மூடி, ஈரம் போகத் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும்.

கத்தியே கூடாது என்கிற வளாகத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் வழி உண்டு. அலகே இல்லாத, கத்தரிக்கோலும் சின்னக் கருவிகளும் மட்டும் கொண்ட 'ஜெட்செட்டர்' என்ற மாதிரியை விக்டோரினாக்ஸ் முன்பே விற்றது. உலகெங்கும் கத்திச் சட்டங்கள் இறுகி வருவதால் அலகில்லாத பாக்கெட் கருவிகளை உருவாக்கி வருவதாக நிறுவனத்தின் தலைவர், நான்காம் தலைமுறை கார்ல் எல்சனர், 2024-ல் அறிவித்தார். பார்சல் டேப்பைப் பொறுத்தவரை, கத்தரிக்கோலின் ஒரு முனையைத் திறந்து வைத்து இழுத்தால் அலகு இல்லாத குறை தெரியாது.