டூக்லாவின் இடது ஹாஃப்

காகிதத்தில் யோசெப் மாசோபுஸ்ட் ஒரு ராணுவ அதிகாரி. கம்யூனிஸ்ட் செக்கோஸ்லோவாக்கியாவில் தொழில்முறை கால்பந்து ஆட்டக்காரர் என்று ஒருவரும் கிடையாது. ஆலையிலோ சுரங்கத்திலோ படையிலோ பெயர் இருந்தாக வேண்டும். நிலக்கரி வட்டாரமான மோஸ்ட் பக்கத்துக் கிராமத்தில் 1931-இல் பிறந்தவர், தெப்லித்சே அணியிலிருந்து 1952-இல் பிராக் நகரின் படை அணிக்கு வந்தார். பின்னாளில் டூக்லா என்று பெயர் மாறிய அந்த அணிக்கு அவரோடு 8 லீக் பட்டங்கள். நல்ல ஆட்டக்காரர்களைக் கட்டாய ராணுவ சேவை என்ற பெயரில் அள்ளிக்கொள்ளும் அணியை மற்ற ஊர்க்காரர்கள் எப்படி விரும்புவார்கள்? ஆனால், மாசோபுஸ்ட் பந்தோடு இடுப்பை வளைத்து இரண்டு மூன்று பேரைக் கடந்து போகும்போது அவர்களாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

1962, சிலி உலகக் கோப்பை. பிரேசிலுடனான முதல் சுற்று ஆட்டத்தில் பெலேவுக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி இல்லை. பெலே நொண்டியபடியே களத்தில் நின்றார். அவர் காலுக்குப் பந்து வந்தபோதெல்லாம் மாசோபுஸ்ட் பாய்ந்து பறிக்காமல் ஒதுங்கி நின்றார். ஆட்டம் 0-0. எதிரணியின் ஆகச் சிறந்த வீரர் வீழ்ந்து கிடக்கும்போது இரக்கம் காட்டுவது பயிற்சியாளர்களுக்குப் பிடிக்காத குணம்தான். பெலே அதை மறக்கவே இல்லை.

இறுதியாட்டத்தில் மறுபடியும் பிரேசில், இம்முறை பெலே இல்லாமல். 15-ஆவது நிமிடத்தில் சக வீரர் ஷெரர் தள்ளிக்கொடுத்த பந்தை ஓடிவந்து வலைக்குள் அடித்தார் மாசோபுஸ்ட். இரண்டே நிமிடத்தில் பிரேசிலின் அமரில்டோ சமன் செய்தார். முடிவு 3-1, கோப்பை பிரேசிலுக்கு.

அந்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து, போர்ச்சுகலின் யூசேபியோவை முந்தி, மாசோபுஸ்டுக்குக் கிடைத்தது. ஒரு ஆட்டத்துக்கு முன்னால் கையில் கொடுத்தார்கள். கைகுலுக்கி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு டிராமில் வீடு போய்ச் சேர்ந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

வெளிநாட்டில் ஆட அனுமதி கிடைத்தபோது அவருக்கு வயது 37. கால்கள் தளர்ந்த பிறகே அரசு கதவைத் திறந்தது என்பது என் கட்சி. பெல்ஜியத்தின் மோலன்பீக்கில் சில காலம் ஆடித் திரும்பி, பயிற்சியாளராக 1978-இல் புர்னோ அணிக்கு லீக் பட்டம் வாங்கித் தந்தார். அடுத்த செக் வீரர் தங்கப் பந்தைத் தொட 2003 ஆனது: பாவெல் நெட்வெட், அவரும் நடுக்கள ஆட்டக்காரர்தான், ஆனால், யுவென்டஸ் சம்பளத்தில்.