வேகங் காணும் கருவிகள்

திருகோணமலையிலிருந்து கண்டி வீதி வழியே செல்வோர் கப்பல்துறை என்னும் ஊரைக் கடந்து செல்வர். ஊரின் பெயரிலே கப்பல் இருக்கிறது. ஆயினும் வீதியோரத்தில் நிற்பவருக்குத் தென்படுவன பஸ் வண்டிகளும், லொறிகளும், எண்ணெய் ஏற்றிவரும் பவுசர்களும், அவற்றிடையே புகுந்தோடும் முச்சக்கர வண்டிகளுமேயாம்.

இத்தகைய வீதிகளிற் பயணஞ் செய்த நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். எதிரே வரும் வாகனமொன்று, பட்டப்பகலிலே, முன்விளக்கை இருமுறை மின்னிக் காட்டும். நமது சாரதி ஒரு வார்த்தையும் பேசாமல் வேகத்தைக் குறைப்பார். அடுத்த வளைவுக்கு அப்பால், மரநிழலிலே, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் துப்பாக்கி போன்ற கருவியொன்றை ஏந்தியவாறு நிற்பார். வண்டி அவரைச் சாதுவாகக் கடந்து செல்லும். அவர் கண்ணுக்கு மறைந்ததும் வேகமானியின் முள் மீண்டும் பழைய இடத்துக்கு ஏறிவிடும்.

அக்கருவி எதைக் கண்டு வேகத்தைச் சொல்கிறது? அது பிழை விடுமா? அதனை ஏமாற்றுதல் இயலுமா? மூன்றாவது வினாவுக்கான விடையை நமது சாரதி ஏற்கெனவே அறிந்துவைத்திருக்கிறார். ஏனைய இரண்டையும் முதலில் நோக்குவோம்.

வேகம் என்பது சென்ற தூரத்தை எடுத்த நேரத்தால் வகுக்கக் கிடைப்பது. மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் இங்கிலாந்துப் பொலிஸார் இக்கணக்கையே நேரடியாகச் செய்தனர். அளந்து குறித்த தூரத்தின் இரு முனைகளிலும் புதர்மறைவில் ஆட்கள் நிற்பர். ஒருவர் சைகை காட்ட, மற்றவர் கடிகாரத்தைப் பார்ப்பார். இந்தப் பொறியிலிருந்து தப்புவதற்காகவே 1905 ஆம் ஆண்டில் அங்கே மோட்டார் ஓட்டுநர் சங்கமொன்று உருவாயிற்று. சைக்கிளில் திரிந்த அதன் ஊழியர், முன்னே பொலிஸார் இருப்பதை வண்டியோட்டிகளுக்கு அறிவித்தனர். அவ்வாறு எச்சரிப்பது பொலிஸாரின் கடமைக்கு இடையூறு செய்வதாகும் என்று 1910 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கத்தார் அதற்கும் வழி கண்டனர். சங்கச் சின்னம் பூண்ட வண்டியைக் கண்டால் ஊழியர் சலாம் செய்வார். அவர் சலாம் செய்யாவிட்டால் முன்னே ஏதோ இருக்கிறது என்று பொருள். சலாம் செய்யாத குற்றத்துக்கு யாரைத் தண்டிப்பது! நம் நாட்டு முன்விளக்கு மின்னலின் மூதாதை அந்தச் சலாமே என்று சொல்லத் தோன்றுகிறது.

கமராவின் வரலாறு இதனினும் சுவையானது. யாவாத் தீவிலே 1911 இற் பிறந்த ஒல்லாந்தர் மோரிஸ் கட்சோனிடெஸ் பெயர்பெற்ற மோட்டார்ப் பந்தய வீரர். 1953 இல் மொன்டி கார்லோ பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தமது வேகத்தைச் சரியாக அறிந்து, அதனை இன்னும் கூட்ட வேண்டும் என்பது அவரது அவா. அதற்காக வீதிக்குக் குறுக்கே இரண்டு இறப்பர்க் குழாய்களை இட்டார். சக்கரம் முதற் குழாயை மிதித்ததும் நேரம் ஓடத் தொடங்கும். இரண்டாவதை மிதித்ததும் நிற்கும். விரைந்தோட விரும்பியவர் ஆக்கிய இந்தக் கருவியே விரைந்தோடுவோரைப் பிடிக்கும் கருவியாயிற்று. 1958 இல் அவர் நிறுவிய நிறுவனத்தின் கமராக்கள் பின்னர் பல நாடுகளிற் பரவின. இலண்டனில் 1992 இல் துவிக்கன்ஹாம் பாலத்தருகே வைக்கப்பட்டதும் அவ்வகையினதே.

குழாய்க்குப் பதிலாக, அழுத்தத்தாலே சிறு மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும் கம்பிகளை வீதியின் மேற்பரப்பிற் புதைத்து வைப்பதும் உண்டு. தத்துவம் ஒன்றே. ஆனால் தூரம் குறுகக் குறுக நேரத்தின் நுட்பம் பெருக வேண்டும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி இரண்டு மீற்றர் தூரத்தைக் கடக்க விநாடியின் பத்தில் ஒரு பங்கே எடுக்கும். அங்கே நூறில் ஒரு விநாடி பிழைத்தாலும் வேகக் கணக்கிற் பத்து வீதம் பிழைத்துவிடும். மனிதக் கையும் கடிகாரமும் இங்கே உதவா. மின்கடிகாரமே வேண்டும்.

இனி, வீதியைத் தொடாமலே வேகம் காணும் ராடர்க் கருவியைப் பார்ப்போம். சீனக்குடாப் புகையிரத நிலையத்தருகே நின்று, ஊதிக்கொண்டு வரும் எஞ்சினைக் கவனியுங்கள். நெருங்கி வரும்போது ஊதலின் சுருதி உயர்ந்திருக்கும்; நம்மைக் கடந்தவுடன் தாழ்ந்துவிடும். ஊதல் மாறவில்லை. எஞ்சின் நம்மை நோக்கி ஓடிவருவதால் அலைகள் நெருக்கப்பட்டும், அகன்று செல்வதால் விரிக்கப்பட்டும் நம் செவியை அடைகின்றன. கிறிஸ்டியன் டொப்ளர் என்னும் ஒஸ்திரிய அறிஞர் 1842 இல் இதனைக் கணித முறையால் எடுத்துரைத்தார். மூன்று ஆண்டுகளின் பின், ஒல்லாந்து நாட்டு உட்ரெக்ட் நகரருகே, ஊதுகுழல் வாசிப்போரைப் புகையிரதத்தில் ஏற்றி ஓடவிட்டு, சுருதி அறிந்த இசைவாணரைப் பாதையோரத்தில் நிறுத்தி, அவர் கூற்றைச் சோதித்து உறுதி கண்டனர்.

ராடர்க் கருவி விநாடிக்கு ஏறத்தாழ 2,400 கோடி முறை அதிரும் நுண்ணலையை வீதியை நோக்கி அனுப்புகிறது. ஓடிவரும் வண்டியில் மோதித் திரும்பும் அலையின் அதிர்வு, அனுப்பிய அலையினும் சிறிது மிகும். இரண்டையும் ஒன்றோடொன்று கலந்தால் வேறுபாடு மட்டும் தனித்துத் தோன்றும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்துக்கு அந்த வேறுபாடு விநாடிக்கு ஏறத்தாழ 3,100 அதிர்வு. இது மனிதச் செவிக்குக் கேட்கும் எல்லைக்குள் அடங்கிய ஒலியாகும். நேயர்களின் வானொலிப் பெட்டியிற் கொடுத்தால் மெல்லிய கீச்சொலியாகக் கேட்கும். வேகம் ஏற அதன் சுருதியும் ஏறும். ஆகவே ராடர்க் கருவி வண்டியைக் காண்பதில்லை, அதன் சுருதியைக் கேட்கிறது எனலாம். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உள்ளது போன்ற ஓர் இசைக்கவையைத் தட்டி அதன் முன்னே பிடித்தால், அதற்குரிய வேகம் ஒன்றைக் கருவி காட்டும். இக்கருவியைச் சோதித்துப் பார்ப்பதற்கு நெடுங்காலம் கையாளப்பட்ட வழிகளில் அதுவும் ஒன்று.

கருவி சற்று ஓரமாக நிற்பதால், வண்டி அதனை நேரே நோக்கி வருவதில்லை. வீதிக்கும் அலைக்கும் இடையில் 20 பாகைக் கோணம் இருந்தால் 70 என்னும் வேகம் 66 ஆகத் தோன்றும். கம்பத்தில் நிலையாகப் பொருத்தும் கமராவில் இந்தக் குறையை ஈடுசெய்து கணக்கிடுவர். கையிலேந்தும் கருவியில் அந்தக் குறை சாரதிக்கு இலாபம். பொதுவாக எதிரே வரும் வண்டியைப் பொறுத்தவரை, கோணத்தால் வேகம் குறைந்து தோன்றுமேயன்றிக் கூடித் தோன்றாது.

ராடரின் உண்மையான குறைபாடு வேறு. அதன் அலை விளக்கொளி போல விரிந்து செல்லும். 12 பாகை விரியும் அலை 300 மீற்றர் தூரத்தில் 60 மீற்றருக்கும் மேலாக அகன்று, வீதி முழுவதையும் மூடிவிடும். லொறியொன்றும் அதனைப் பின்தொடரும் மோட்டார் சைக்கிளொன்றும் ஒருங்கே வந்தால், பெரிய லொறியிலிருந்து திரும்பும் அலை வலியது. கருவி காட்டிய எண் யாருடையது என்று வழக்காடலாம். இதனாலேயே கட்சோனிடெஸின் ராடர்க் கமரா அரை விநாடி இடைவெளியில் இரண்டு படங்களை எடுக்கிறது. வீதியிலே சம தூரத்தில் வெள்ளைக் கோடுகள் வரையப்பட்டிருக்கும். 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி அரை விநாடியில் 9.7 மீற்றர் செல்ல வேண்டும். இரு படங்களிலும் சக்கரம் நிற்கும் கோடுகளை எண்ணினால் ராடரின் வாக்குமூலம் மெய்யா பொய்யா என்பது தெரிந்துவிடும். இயந்திரத்தின் சொல்லை நம்புமுன் மனிதன் தன் விரலால் எண்ணிப் பார்க்க இடமளித்தது இக்கருவியின் சிறப்பு என்பேன்.

ராடர் என்றதும் திருகோணமலையின் மூத்தோர் சொன்ன போர்க்காலக் கதைகள் சில நேயர்களுக்கு நினைவு வரக்கூடும். 1942 ஏப்ரல் 9 ஆம் நாட் காலையில், துறைமுகத்தைத் தாக்க வந்த யப்பானிய விமானங்களை, இங்கே நிறுவப்பட்டிருந்த ராடர் நிலையம் அவை வந்தடையுமுன்னரே கண்டுகொண்டது. அந்த ராடர் சுருதியைக் கேட்கவில்லை. அலைத்துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்புவதற்கு எடுத்த நேரத்தைக் கொண்டு விமானத்தின் தூரத்தைக் கண்டது. வியப்பு யாதெனில், அந்தப் பழைய முறையை இன்று வீதியிலே பின்பற்றுவது ராடர்க் கருவியன்று, லேசர்க் கருவியே.

லேசர்க் கருவி கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ்க்கதிரைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. 300 மீற்றர் தொலைவிலுள்ள வண்டியிற் பட்டுத் திரும்ப, ஒரு விநாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் இரண்டு பங்கே ஆகும். அடுத்த துடிப்பு சற்று முந்தித் திரும்பினால், அதற்கிடையில் வண்டி எவ்வளவு நெருங்கியது என்று தெரியும். விநாடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் இவ்வாறு பல துடிப்புகளை ஒப்பிட்டு வேகத்தைச் சொல்லிவிடும். 300 மீற்றர் தூரத்திலும் கதிரின் அகலம் ஏறத்தாழ ஒரு மீற்றரே ஆதலால், லொறியையும் மோட்டார் சைக்கிளையும் அது பிரித்தறியும். ஆனால் ஏந்திய கை நடுங்கலாகாது. கதிர் வண்டியின் முகத்தை விட்டுப் பக்கவாட்டில் வழுக்கிச் சென்றால், வழுக்கிய தூரமும் வேகக் கணக்கிற் சேர்ந்துவிடும். இலக்கத் தகடு இருக்கும் இடத்தை நோக்கியே குறிபார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

இதுகாறும் கூறிய கருவிகள் அனைத்துக்கும் பொதுவான குறையொன்று உண்டு. அவை காண்பது ஓரிடத்து வேகத்தை மட்டுமே. குழந்தையோ பசுவோ வீதியைக் கடப்பது கருவிக்கு முன்னே என்று எழுதிவைத்திருக்கிறதா?

இலங்கையில் கார் போன்ற வாகனங்களுக்குக் குடிமனைகள் நெருங்கிய இடத்தில் மணிக்கு 50 கிலோமீற்றரும் ஏனைய சாதாரண வீதிகளில் 70 கிலோமீற்றரும் எல்லையாகும். இரண்டுக்கும் இடையேயுள்ள 20 சிறிய எண்ணாகவே தோன்றும். இரண்டு கார்கள் அருகருகே, ஒன்று 50 இலும் மற்றது 70 இலும் வருவதாகக் கொள்ளுங்கள். முன்னே ஒரு பிள்ளை வீதியில் இறங்குகிறது. சாரதிகள் இருவரும் ஒரே கணத்தில் காண்கின்றனர். கண்டு பிரேக்கை மிதிக்க இருவருக்கும் ஒரு விநாடி செல்கிறது. தடுப்பின் வலுவும் ஒன்றே. ஈரமற்ற நல்ல வீதியில் முதலாவது கார் ஏறத்தாழ 28 மீற்றரில் நின்றுவிடும். அந்த இடத்தை இரண்டாவது கார் அடையும்போது அதன் வேகம் என்ன? இருபது என்று சொல்லத் தோன்றும். கணக்கோ 58 என்கிறது. முதற் சாரதி பிள்ளையின் முன்னே நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாமவர் முதற் காரின் தொடக்க வேகத்தையும் விஞ்சிய வேகத்தில் மோதுகிறார். பிரேக்கை மிதிக்குமுன் அவரது கார் 19 மீற்றர் ஓடிவிட்டது. எஞ்சிய ஒன்பது மீற்றர் போதவில்லை.

ஓரிடத்து வேகத்தை விட்டு ஒரு வழியின் வேகத்தைக் காண்பது இதனால் வேண்டியதாயிற்று. 1990களின் இறுதியிலிருந்து ஒல்லாந்திலும் இங்கிலாந்திலும் பரவிய சராசரி வேகக் கமரா இதனைச் செய்கிறது. நம் நாட்டுப் பஸ் நிலையங்களில் புத்தகமும் கையுமாக நிற்கும் டைம் கீப்பரை அறியாதார் யார்? இக்கமராவும் ஒரு டைம் கீப்பரே. அவர் பிந்தி வந்த பஸ்ஸைக் கண்டிப்பார். இது முந்தி வந்த வண்டியைக் கண்டிக்கும். வழியின் தொடக்கத்தில் ஒரு கமராவும் முடிவில் ஒரு கமராவும், கடந்து செல்லும் ஒவ்வொரு வண்டியின் இலக்கத் தகட்டையும் நேரத்தோடு பதிவு செய்கின்றன. இடையே ஆறு கிலோமீற்றர் இருந்தால், மணிக்கு 70 வேகத்தில் அதனைக் கடக்க ஐந்து நிமிடமும் ஒன்பது விநாடியும் வேண்டும். நான்கு நிமிடத்தில் வந்தவரின் சராசரி வேகம் 90. இங்கே ஒரு விநாடி பிழைத்தாலும் கணக்கு அரை வீதங்கூடப் பிழைக்காது. பழைய கடிகாரக்காரருக்கு நீண்ட தூரம் கொடுத்த நன்மை மீண்டும் கிடைக்கிறது. முன்விளக்கு மின்னலும் பயனற்றதாகிறது. எதை எச்சரிப்பது?

இம்முறையில் பிழை நுழையும் வாயில் இலக்கத் தகடு. எழுத்தை இயந்திரம் வாசிக்கிறது. சேறு படிந்த தகட்டில் மூன்றை எட்டென வாசிக்கக்கூடும். ஆகவே தண்டப் பத்திரம் போகுமுன் மனிதர் ஒருவர் படத்தைப் பார்த்தேயாக வேண்டும். மேலும், கமரா அறிவது வண்டியை, ஓட்டியவரையன்று. கொழும்பு மாநகரில் 2024 ஜனவரி 22 ஆம் நாள் முதல், வீதிக் கமராக்களின் பதிவைக்கொண்டு போக்குவரத்துக் குற்றங்களுக்கு நடவடிக்கை எடுக்கத் தொடங்கினர். வண்டியை விற்றும் பதிவை மாற்றாதோர் பலருள்ள நாட்டில், சொந்தக்காரர் யார் என்ற ஏடு சரியாக இருப்பது கமரா சரியாக இருப்பதற்குச் சற்றும் குறையாத தேவை.

சராசரிக் கமராவையும் ஏமாற்ற ஒரு வழி உண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆறு கிலோமீற்றரை நான்கு நிமிடத்தில் ஓடிவந்தவர், இரண்டாவது கமராவுக்கு முன்னே வண்டியை ஓரமாக நிறுத்தி, தேநீர்க் கடையொன்றில் ஒரு நிமிடமும் ஒன்பது விநாடியும் இருந்துவிட்டுப் புறப்பட்டால், கணக்கிற் குற்றமில்லை. முந்தி வந்து சேமித்த நேரம் முழுவதையும் அக்கடையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார். கொதிக்கும் தேநீரை அவ்வளவில் குடித்து முடிப்பதுதான் கடினம்.