மை இல்லாத கையெழுத்து செல்லுமா?

நாட்றம்பள்ளி வட்டாரத்தில் தென்னைக்கோ நிலக்கடலைக்கோ சொட்டுநீர்ப் பாசனம் அமைக்க விரும்பும் விவசாயி முதலில் வாங்க வேண்டியது சிறு, குறு விவசாயி சான்றிதழ். ஐந்து ஏக்கர் வரை நிலமுள்ள இவ்விவசாயிகளுக்குத் தமிழக அரசு 100 சதவீத மானியம் வழங்குகிறது. மற்றவர்களுக்கு 75 சதவீதமே. சான்றிதழ் இல்லையேல் கால் பங்குச் செலவு விவசாயியின் தலையில் விழும்.

இச்சான்றிதழ் இப்போது இ-சேவை மையம் வழியாகக் கணினியில் வருகிறது. தாசில்தாரின் மைக் கையெழுத்தும் உருண்டை முத்திரையும் அதில் இரா. 'இது செல்லுமா?' என்ற ஐயம் பலருக்கும் எழுவது இயல்பே.

செல்லும். 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அவ்வாண்டு அக்டோபர் 17-ல் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆவணத்தில் கையெழுத்து தேவை என்று எந்தச் சட்டம் கூறினாலும், உரிய முறையில் இடப்பட்ட மின்னணுக் கையெழுத்து அதை நிறைவு செய்யும் என்பது இதன் 5-வது பிரிவு.

மின்னணுக் கையெழுத்து என்பது கையெழுத்தின் படம் அன்று. அதிகாரியிடம் மட்டுமே உள்ள ரகசியத் திறவுகோலால் கணினி ஆவணத்தைப் பூட்டுகிறது. அதற்கு இணையான பொதுத் திறவுகோலால் யாரும் சோதிக்கலாம். பின்னர் ஓர் எழுத்தை மாற்றினாலும் சோதனையில் வெளிப்பட்டுவிடும். ஆகவே, கையெழுத்தைப் படமெடுத்து ஒட்டிய தாளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அச்சிட்ட தாளை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம். சான்றிதழ் எண்ணை அரசின் இணையதளத்தில் பதிந்து சரிபார்ப்பதே முறை. இணையத்தில் எடுக்கும் பட்டா நகலையும் அதிலுள்ள குறிப்பு எண்ணைக் கொண்டு இவ்வாறே உறுதி செய்துகொள்ளலாம்.

விவசாயியும் மின்னணு முறையில் கையெழுத்திட இயலும். ஆதாருடன் இணைந்த செல்போனுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கொண்டு ஒப்பமிடும் முறைக்கு 2015-ல் விதி வகுக்கப்பட்டது. இங்கேதான் எச்சரிக்கை தேவை. கடன் வாங்கித் தருவதாகக் கூறும் இடைத்தரகரிடம் அந்த எண்ணைச் சொல்வது, வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்துக் கொடுப்பதற்குச் சமம். எதற்கு ஒப்பமிடுகிறோம் என்பதைப் படித்துப் பார்த்த பின்னரே எண்ணைத் தாமே பதிய வேண்டும்.

எல்லா ஆவணங்களுக்கும் இம்முறை பொருந்தாது. உயில் இச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளது. எழுதுபவர் தாளில் ஒப்பமிட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒப்பமிட வேண்டும். நிலக் கிரயத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே தீர வேண்டும். செல்போன் ஒப்பத்தால் மட்டும் நிலம் கைமாறாது.

மானியத்துக்கு விண்ணப்பிக்கும் விவசாயிகள், சான்றிதழின் மூலக் கோப்பைச் செல்போனிலோ கணினியிலோ பத்திரப்படுத்துவது நல்லது. தாள் கிழிந்தாலும், கோப்பில் உள்ள கையெழுத்து அழியாது.